தோல்முட்டை

கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் நடுவே எங்கள் காடு. சித்திரை பிறப்பதற்கு முன்பே அப்பா கொட்டகையின் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பிவிடுவார். பக்கவாட்டுக் கம்பிவலைகளில் சாக்குப் படுதாக்கள் தொங்கும். பதினோரு மணிக்கு அவற்றை நனைக்கத் தொடங்கினால் பொழுது சாயும்வரை அந்த வேலை ஓயாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

அப்படி இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டு அதிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே கோழி சாவதற்குப் பல நாட்கள் முன்பே ஓடு மெலியும். பிறகு ஓடே இல்லாத தோல்முட்டைகள் ஒன்றிரண்டு தட்டுப்படும். அப்பா சொல்வார்: “கோழி சாகற அன்னிக்குத் தண்ணி அடிச்சு என்ன கண்ணு பிரயோசனம்? தோல்முட்டை வருதான்னு பாரு. அதுதான் சேதி.”

இந்தச் சேதியை நான் கொட்டகையில் கேட்டேனே ஒழிய, மாடியறையில் கேட்கவில்லை.

2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கணினி சேர்த்தேன். தனி வரைகலை அட்டை வாங்கக் காசில்லை. செயலிக்குள் இருக்கும் வரைகலைப் பகுதி கணினியின் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். நினைவகம் வேகமாக ஓடினால் படமும் வேகமாக ஓடும். 2666 என்று எழுதி விற்ற டிடிஆர்4 நினைவகத்தை 3200க்கு ஏற்றினேன். ஓவர்கிளாக்கிங் என்பது இதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்: பர்மிட் எடைக்கு மேல் லாரியில் பாரம் ஏற்றுவது. வண்டி நகரும். எதன் செலவில் நகர்கிறது என்பது வேறு கேள்வி.

வேகத்தைக் கூட்டியபோது கணினி தடுமாறியது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன், நின்றது. டிடிஆர்4க்கு வகுத்த அளவு 1.2 வோல்ட். வேகத்துக்கென்றே விற்கப்படுபவை பலவும் 1.35இல் ஓடுகின்றன. நான் 1.4 வைத்தேன். சில்லு தாங்கக்கூடிய அறுதி வரம்பாக ஜெடெக் தரநிலை 1.5 வோல்ட்டைக் குறிக்கிறது. அந்த வரம்பு ‘இதற்கு மேல் போனால் அழியும்’ என்று சொல்வதே தவிர, ‘இதுவரை போகலாம்’ என்று சொல்வதல்ல. இரண்டும் ஒன்றென்று நான் எண்ணினேன்.

மின்சாரம் என்றால் எங்களுக்கு 230 வோல்ட்தான் நினைவுக்கு வரும். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் அது 180க்கு இறங்கும். விளக்கு மங்கும், ஸ்டெபிலைசர் சத்தமிடும். அப்படி ஐம்பது வோல்ட் ஏற்ற இறக்கத்தில் வளர்ந்தவனுக்கு 0.2 வோல்ட் ஒரு பொருட்டா? ஆனால் 1.2இல் 0.2 என்பது ஆறில் ஒரு பங்கு. தவிர, செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்தக் கணக்கில் 36 விழுக்காடு. வேகத்தையும் சேர்த்தால் 60க்கு மேல். அவ்வளவும் சூடாகத்தான் வெளியேற வேண்டும்.

நினைவகச் சில்லின் அமைப்பு மிக எளியது. ஐபிஎம் நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்றது அது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம். அந்த மின்தேக்கியோ ஓட்டைக் குடம். நிரப்பிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் டிடிஆர்4இல் 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு குடத்தையும் பார்த்துத் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் 32 மில்லிவினாடிக்கு ஒருமுறை நிரப்பச் சொல்கிறது தரநிலை. நேர அளவுகளை இறுக்கி ஓட்டுபவர்களுக்குச் சில வகைச் சில்லுகள் 50 டிகிரி தாண்டியதுமே பிழை காட்டத் தொடங்குகின்றன.

நான் சோதித்தது மார்கழி இரவில். மெம்டெஸ்ட் நிரலை விடியும்வரை ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. பிறகு வந்த மே மாதத்தில், ஓட்டுக்கூரை மாடியறையில், பிற்பகல் இரண்டு மணிக்கு அதே சோதனையைச் செய்யத் தோன்றவில்லை. அந்த மே மாதத்தில்தான் பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்குக் கோப்புகளை மாற்றினேன். பழையதை அழித்து உறவுக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோப்புகளில் எங்கள் அப்பாருவின் நோட்டுகள் இருந்தன. மழை பெய்த நாள், கிணற்றில் தண்ணீர் நின்ற அடி, பருத்தி விலை, மாடு கன்று போட்டது என நாற்பது வருடம் பென்சிலில் எழுதியவர் அவர். அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருந்தேன். நோட்டுகளைக் கரையான் பாதி தின்றிருந்தது. “எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்கப்பா” என்றேன். 2020 போகியன்று மிச்சத்தை அப்பா தீயில் போட்டார்.

அடுத்த வருடம் ஒரு மாலையில் அப்பா கேட்டார்: “கெணத்துல மொதத் தண்ணி கண்ட அன்னிக்கு உங்கப்பாரு என்னமோ எழுதியிருப்பாரு. படி, கேப்பம்.” படத்தைத் திறந்தேன். மேலே தேதி தெரிந்தது. அதன் கீழ் ‘இன்று காலை’ என்ற இரண்டு சொற்கள். அதற்குக் கீழே முழுதும் சாம்பல் நிறப் பட்டை. தேடித் தேடிப் பார்த்ததில் முப்பத்தெட்டுப் பக்கங்கள் இப்படி. சுருக்கிச் சேமிக்கும் படக்கோப்பில் ஒவ்வொரு துணுக்கும் முந்தையதைச் சார்ந்தே பொருள்படும். ஒரேயொரு பிட் புரண்டாலும் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் குலையலாம். நகலெடுக்கும்போது கோப்பு நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் பிழைதிருத்தும் நினைவகம் இல்லை. கணினி அன்று நிற்கவில்லை, முனகவும் இல்லை. நகல் முடிந்தது என்றே சொன்னது.

பிறகு யோசித்துப் பார்த்தால் தோல்முட்டைகள் வந்திருக்கின்றன. அந்தக் கோடையில் உலாவி காரணமின்றி இரண்டு மூன்று முறை மூடிக்கொண்டது. ஒரு சுருக்கக் கோப்பு திறக்க மறுத்தது. மென்பொருளைத் திட்டிவிட்டு மறந்துபோனேன்.

வேகம் கூட்டாவிட்டாலும் பிழை வராமல் இல்லை. கூகுளின் வழங்கிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை கண்டது. ஆனால் அங்கே சூட்டின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே இருந்தது. வகுத்த எல்லைக்குள் ஓடுபவனை வெயில் அவ்வளவாகத் தொடுவதில்லை. எல்லையோரத்தில் நிற்பவனைத்தான் முதலில் தள்ளுகிறது.

வேகம் வேண்டுவோருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். டிடிஆர்4ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35ஐத் தாண்டாதிருப்பது நல்லது. பளபளக்கும் உலோகத் தகட்டை நம்புவதைவிட நினைவகத்தின்மேல் மெதுவாகக் காற்றடிக்கும் ஒரு சிறு மின்விசிறி மேல். நினைவகத்துக்கு மட்டுமன்றிச் செயலியில் அதைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் தனி மின்னழுத்தம் உண்டு. 2023இல் சில ரைசன் 7000 செயலிகள் கருகிய பிறகு அந்த மின்னழுத்தத்துக்கு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு கட்டியது. சோதனையைச் சித்திரைப் பிற்பகலில் செய்யுங்கள். திரும்பப் பெற முடியாததை நகலெடுக்கும் நாளில் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நகலை மூலத்தோடு ஒப்பிட்ட பிறகே மூலத்தைத் தொடுங்கள்.

அன்று மாலை அப்பா கோபிக்கவில்லை. படிக்க முடியாத பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் கண்ட கதையைத் தானே சொன்னார். வெடி வைத்த மறுநாள் காலையில் பாறை வெடிப்பில் ஈரம் தெரிந்ததாம். அத்தையிடம் கேட்டபோது அவர் சொன்னது வேறு: அன்று வெடியே வைக்கவில்லை, கடப்பாரைதான். இரண்டையும் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்று அப்பாருவைத்தான் கேட்க வேண்டும். அவர் ‘இன்று காலை’ என்பதோடு நிற்கிறார்.