கணக்கு இல்லாத மரம்

விடியற்காலை 4 மணிக்கு என் கைப்பேசி அலறும். 6 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, “இனிய காலை வணக்கம், நேயர்களே” என்று சிரித்த குரலில் சொல்ல வேண்டும். பத்து வருடங்களாக இதுதான் என் பிழைப்பு. எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் சன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. வெளியே மழையா வெயிலா என்பதையே நேயர்கள் யாராவது அழைத்துச் சொன்னால்தான் தெரிந்துகொள்வேன்.

என் பாட்டியும் 4 மணிக்குத்தான் எழுவார். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக நிரைக்குள் இறங்கிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரங்களுக்குக் குறையாமல் அவர் கை பட்டிருக்கும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வெட்டியவருக்கு ஏச்சு. அந்த அளவைக் கண்ணால் பார்த்ததைவிட விரலால்தான் அதிகம் தெரிந்துகொண்டதாகச் சொல்வார்.

ஐந்நூறு மரங்களைத் தொட்டவரின் பேரப்பிள்ளை நான். நான் கடைசியாக ஒரு மரத்தைத் தொட்டது எப்போது? சென்ற வருடம் யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு சங்கடம். நேரலையில் ஒரு நேயரின் பெயரைக் கேட்டேன். அவர் சொன்னார். அடுத்த நொடி மறந்துவிட்டது. நெஞ்சு படபடக்க, வாய் வரவில்லை. ஆறு வினாடி மௌனம். உங்களுக்கு ஆறு வினாடி ஒன்றுமில்லை. வானொலியில் அது ஒரு யுகம். பாட்டைத் தட்டிவிட்டுச் சமாளித்தேன். அதற்கு முன்பே பல வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை. கிளினிக்கில் இரத்த அழுத்தம் சற்று கூடுதலாக இருந்தது. “முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். தினமும் கொஞ்சம் பசுமையான இடத்தில் நடங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்” என்றார் டாக்டர்.

சரி என்று கெப்போங் போனேன். அங்கே உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காடு பலருக்கும் தெரிந்த இடம்தான். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால், இன்று நாம் பார்க்கும் அந்தக் காடு இயற்கையாக அப்படியே இருந்ததல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஈயம் தோண்டி, காய்கறி பயிரிட்டு, வெறுமையாகிப்போன நிலத்தில் 1920-களிலிருந்து மரம் மரமாக நட்டு வளர்த்தது. அங்கே கப்பூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல், இடையில் வானம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும்.

நானும் பார்த்தேன். படம் எடுத்தேன். பதிவிட்டேன். கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் காலடி ஆகிவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தேன். எத்தனை ‘லைக்’ என்று இடையிடையே பார்த்தேன். அலுத்துப்போய் வீடு திரும்பினேன். அன்றிரவும் தூக்கம் வரவில்லை.

மூன்றாவது முறை போனபோது கடிகாரத்தில் சார்ஜ் இல்லை. எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல், கால் வலிக்க, ஒரு மரத்தில் சாய்ந்தேன். இரண்டு உள்ளங்கையும் பின்னால் பட்டையில் பட்டன. வெளியே புழுக்கம், பட்டை குளிர்ச்சியாக இருந்தது. சொரசொரப்பு, ஓரிடத்தில் பாசியின் ஈரம், ஒரு வெடிப்பில் எறும்பு வரிசை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மனத்தில் ஓடிக்கொண்டிருந்த மறுநாள் நிகழ்ச்சி நின்றுபோயிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

இது வெறும் மன மயக்கமா என்று தேடிப் படித்தேன். 1982-இல் ஜப்பானின் வனத்துறை ‘ஷின்ரின் யோகு’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. வனக் குளியல் என்று பொருள். தண்ணீர் இல்லாத குளியல். காட்டின் காற்றிலும் மணத்திலும் ஒலியிலும் நனைவது. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

தொடுவதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. 2017-இல் ஜப்பானில் 18 மாணவிகளைக் கண்மூடி உட்காரவைத்து, மரப்பலகை, பளிங்கு, ஓடு, எஃகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் 90 வினாடி தொடச் செய்தார்கள். பூச்சு எதுவும் இல்லாத மரத்தைத் தொட்டபோதுதான் மூளையின் முன்பகுதி அதிகம் அமைதியடைந்தது. உடலை இளைப்பாறச் செய்யும் நரம்புகளும் கூடுதலாக வேலை செய்தன. 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் தொட்டது பலகையை, உயிருள்ள மரத்தை அல்ல. மரத்தைத் தொட்டால் மருந்தை நிறுத்தலாம் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. நான் டாக்டரிடம் போவதை நிறுத்தவும் இல்லை. ஆனால், என் உள்ளங்கை எனக்குச் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தபோது ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதலை வீட்டில் பகிர்ந்துகொள்ளத்தான் முடியவில்லை. எங்கள் தாமானில் விளையாட்டுத் திடலை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. ஆறு வயது மகனை அழைத்துப்போய், “தொட்டுப் பாரு” என்றேன். “சீ, அழுக்கு” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். யாரிடம் கற்றுக்கொண்டான் என்று யோசிக்க வேண்டியதில்லை. எங்களோடு இருக்கும் என் அம்மா, “மரத்துல கைய வைக்காதய்யா, பூச்சி பட்டு இருக்கும்” என்று அவனை எப்போதும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்.

“ஏம்மா உங்களுக்கு மரம்னாலே ஆகாது?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “ஒம்போது வயசுல நான் பாட்டியோட நிரைக்குப் போயிருக்கேன். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால மங்கு தொடைக்கணும். கொசு, அட்டை, கையெல்லாம் பால் நாத்தம். வகுப்புல பக்கத்துல உக்கார மாட்டாங்க. எம் புள்ளைங்க கையில மரத்து வாடையே படக்கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். நீ காசு குடுத்துப் போயி மரத்தைக் கட்டிப் பிடிக்கிறேங்கிற.”

எனக்குப் பதில் வரவில்லை. வானொலியில் ஆறு வினாடி நின்றுபோன அதே வாய்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ‘இயற்கை மனத்துக்கு இதம்’ என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம்மில் பலரின் வீட்டில், இரண்டு தலைமுறைக்கு முன் மரம் என்றால் வேலை. எத்தனை மரம், எத்தனை கிலோ பால், எத்தனை வெள்ளி என்ற கணக்கு. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் கூலியும் குறையும். தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பம் பட்டணத்துக்கு வந்தபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளி விடுமுறையில் ஓர் உறவினர் திருமணத்துக்காகத் தைப்பிங் போனோம். மறுநாள் காலை ஏரிப் பூங்காவுக்கு அம்மாவையும் மகனையும் அழைத்துப் போனேன். அதுவும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குழிதான், 1880-இல் பூங்காவாக்கினார்கள். கரையோரத்தில் நூறாண்டு கடந்த தூங்குமூஞ்சி மரங்கள். மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் நமக்கு அது தூங்குமூஞ்சி. மலாய்க்காரர்களுக்கு ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம். கிளைகள் சாலையைத் தாண்டிக் குனிந்து ஏரித் தண்ணீரை எட்டுகின்றன.

நான் ஒரு மரத்தில் கை வைத்து நின்றேன். எதுவும் சொல்லவில்லை. மகன் தள்ளியே நின்றான். அம்மா கைப்பையை இடுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் நின்று, பெருவிரலால் பட்டையை மெல்ல அழுத்திப் பார்த்தார். எந்த உயரத்தில் வெட்டு போடலாம் என்று தேடும் விரல் அது என்று எனக்குத் தோன்றியது. பிறகு முழுக் கையையும் விரித்து வைத்தார்.

மகன் கேட்டான். “பாட்டி, இதுல பால் வருமா?”

“வராதுய்யா. இது சும்மா நிக்கிற மரம். இதுக்குக் கணக்கு இல்ல.”

அம்மா கையை எடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து மகன் வந்து அவர் கைக்குக் கீழே தன் கையை வைத்தான்.

கணக்கு இல்லை என்று அம்மா சொன்னதைத்தான் நான் கெப்போங்கில் இரண்டு முறை தவறவிட்டிருந்தேன். காலடிக் கணக்கு, லைக் கணக்கு என்று நானும் பெரட்டுக்குப் போய்வந்த மாதிரிதான் காட்டுக்குப் போய்வந்திருக்கிறேன்.

நீங்களும் முயன்று பாருங்கள். காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தாமான் திடலில் ஒரு மரம் போதும். முதலில் எறும்பு, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் மரத்தடிக்கே போகாதீர்கள். நம் ஊரில் மதியத்துக்குமேல் வானத்தை நம்ப முடியாது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, உள்ளங்கையைப் பட்டையில் வைத்து, சும்மா நில்லுங்கள். தூக்கமின்மையும் படபடப்பும் தொடர்ந்தால் டாக்டரையும் பாருங்கள்.

இப்போதும் 4 மணிக்குத்தான் எழுகிறேன். வேலை முடிந்து வந்ததும் திடல் மரத்தடியில் ஐந்து நிமிடம் நிற்கிறேன். தூக்கம் முன்பைவிடப் பரவாயில்லை. சில நாள் மகனும் வருவான். அம்மா இன்னும் “பூச்சி இருக்கான்னு பாத்து வைய்யா” என்கிறார். கையை எடு என்று சொல்வதில்லை.