விரிப்பும் வாய்மையும்

பயணத்திற்கு மூட்டை கட்டுகின்றவன், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று எண்ணிப் பார்க்கின்றான். உடையை எடுத்துக்கொள்கின்றான், மருந்தை எடுத்துக்கொள்கின்றான். ஆனால், அரும்பாடுபட்டு வளர்த்த நல்ல பழக்கத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் புறப்படுகின்றான். நானும் பல்லாண்டுகள் அவ்வாறு புறப்பட்டவன்தான்.

பண்டமாரானில் வாழும் நான், துறைமுகப் பகுதியில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வூதியத்தோடு முதுகுவலியும் வந்து சேர்ந்தது. மருத்துவர் சொற்படி, அருகிலிருந்த மண்டபமொன்றில் நடைபெற்ற யோகாசன வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை என் மகள் வயதினர். முதல் நாளில் காலைத் தொட்டுவிடவேண்டும் என்று நான் முயன்று மூச்சு வாங்கியபோது, "ஐயா, விரலைத் தொடுவது பெரிதன்று, தொடும் வரையில் மூச்சு சீராக இருக்கவேண்டும், அதுதான் பெரிது" என்றார். அச்சொல் என் நெஞ்சில் தங்கியது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மண்டபம் மூடப்பட்டது. வகுப்பு கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரு சாண் அளவுள்ள திரையில் யோகம் பயில்வதா என்று முதலில் நகைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். பத்தமடையில் 1887-இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913-இல் மலாயாவுக்கு வந்து சிரம்பானுக்கு அருகே தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். 1923-இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அங்கிருந்துகொண்டே நூல்களாலும் கடிதங்களாலும் கடல் கடந்த மாணவர்களுக்கு வழி காட்டினார். பத்துமலையில் அச்சங்கத்தின் ஆசிரமம் இன்றும் இருக்கின்றது. அன்று அஞ்சல் செய்த வேலையை இன்று இயங்கலை செய்கின்றது. இவ்வாறு எண்ணிய பின் என் நகைப்பு அடங்கியது.

தடைகள் நீங்கிய பிறகும் அவ்வகுப்பு காலை ஆறு மணிக்கு இயங்கலையிலேயே தொடர்ந்தது. அது எனக்கு நன்மையாகவே முடிந்தது. சுங்கைப் பட்டாணியில் வாழும் என் அண்ணன் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். அண்ணியார் முன்பே மறைந்துவிட்டார். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கின்றனர். ஆகவே, மாதந்தோறும் சில நாட்கள் நான் சென்று அவரைப் பார்த்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வந்து, கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயிலேறினால், பிறகு நான்கு மணி நேரத்திற்கு மேல் உட்கார்ந்தே செல்லவேண்டும். ஓடும் வண்டியில் ஆசனங்கள் வேண்டா என்று ஆசிரியை தடுத்திருந்தார். கணுக்காலைச் சுழற்றுவதும், தோள்களைத் தளர்த்துவதும், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுவதுமே அவர் தந்த வழிநடைப் பாடங்கள். அவற்றால் முதுகு என்னை மன்னித்தது.

அண்ணன் வீட்டில்தான் நான் தவறினேன். இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தும், நீர் கொடுத்தும், உறக்கம் கெட்டிருந்த ஒரு விடியற்காலை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையே இருந்த குறுகிய இடத்தில் விரிப்பை விரித்தேன், வகுப்பில் இணைந்தேன், கேமராவை அணைத்தேன், பிறகு படுத்துவிட்டேன். ஆசிரியை நிற்கச் சொன்னார், வளையச் சொன்னார், அமரச் சொன்னார். நானோ தொடக்கத்திலிருந்து முடிவு வரையில் சவாசனத்திலேயே கிடந்தேன்!

வகுப்பின் முடிவில், "ஐயா, இன்று மூச்சு சீராக இருந்ததா?" என்று கேட்டார் அவர்.

"மிகச் சீராக இருந்தது, அம்மா" என்றேன்.

கட்டிலிலிருந்து அண்ணனின் குழறிய குரல் எழுந்தது. "தம்பி, நீ அசையவே இல்லையே! யாரை ஏமாற்றுகின்றாய்?"

அவர் சினந்து கேட்கவில்லை. உடல் அசைய மறுக்கும் ஒருவர், அசைய முடிந்தும் அசையாது கிடந்தவனைப் பார்த்துக் கேட்டார். நான் கூனிக் குறுகிப்போனேன்.

யோகத்திற்கு உறுப்புகள் எட்டு என்று பதஞ்சலியும் கூறுகின்றார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விளக்குகின்றார். இயமம், நியமம் என்னும் இரண்டும் முன்னே நிற்கின்றன. ஆசனம் மூன்றாவதாகவே வருகின்றது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை முதலியன இயமத்தில் அடங்கும். மூன்றாம் படியில் ஏறிவிட்டதாக மகிழ்ந்திருந்த நான், முதற்படியிலேயே வழுக்கி விழுந்ததை அன்று உணர்ந்தேன். மண்டபத்தில் பிறர் பார்க்கப் பயின்றபோது எனக்கு இத்தேர்வு வரவில்லை. தொலைவும் பயணமும் அணைந்த கேமராவுமே என்னைத் தேர்வுக்கு உட்படுத்தின.

மறுநாள் கேமராவைத் திறந்தேன். "ஆசிரியரே, நேற்று நான் படுத்தே கிடந்தேன், பொய் சொன்னேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "களைப்பாக இருந்தால் படுத்துக்கொள்ளுங்கள், ஐயா. படுத்திருக்கின்றேன் என்று சொல்லிவிட்டுப் படுங்கள், அதுவும் பயிற்சிதான்" என்றார்.

அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மூச்சுப் பயிற்சி தொடங்கியபோது, கட்டிலின் மேலிருந்தும் ஒரு மூச்சு எங்கள் கணக்கோடு சேர்ந்து எழுந்து தாழ்வதைக் கேட்டேன். அவருடைய மருத்துவரைக் கேட்டேன். மூச்சை அடக்காமல் இயல்பாக இழுத்து விடுவதில் தடையில்லை என்றார் அவர். அன்று முதல், நான் செல்லும் நாட்களில் அவ்வறையில் மாணவர் இருவர்.

அண்ணனின் இடக்கை இன்னும் எழவில்லை. எழும் என்று நான் பொய் சொல்லவும் மாட்டேன். ஆயினும் விடியற்காலையில், "தம்பி, நேரமாகிவிட்டது, எழுந்திரு" என்று என்னை எழுப்புகின்றவர் அவர்தாம். இப்பொழுது பண்டமாரானிலிருந்து புறப்படும்போது விரிப்பைத்தான் முதலில் சுருட்டி எடுத்துக்கொள்கின்றேன். அதனோடு அண்ணன் கேட்ட அக்கேள்வியும் உடன் வருகின்றது. பயணத்திற்கு அதைவிட நல்ல துணை எனக்கு வேறில்லை.