கான் மணிக்கூட்டடியில் வாப்பாவும் நானும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

சென்ற வாரம் வாப்பாவைக் கண் கிளினிக்குக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். கட்டரக் வெட்டி ஒரு மாதம். டொக்டர் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று அனுப்பியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. ஊருக்கு பஸ் இரவு ஒன்பதுக்குத்தான். ஒரு முழுப் பகல் கையில் கிடந்தது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மூன்றாம் தவணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போவதாக அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். வரலாறு படிப்பிப்பது நான்தான். எங்கே பஸ்ஸை நிறுத்துவது, எங்கே நடப்பது, எங்கே லுஹர் தொழுவது என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். கொப்பியில் ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தேன். வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரம், பழைய பாராளுமன்றம், காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம்.

"வாப்பா, இண்டைக்கி ஒங்களுக்குக் கொழும்பக் காட்டுறன்" என்றேன்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது.

வாப்பா புறக்கோட்டையில் இருபத்தேழு வருடம் நாட்டாமையாக இருந்தவர். இந்தியப் படங்களில் நாட்டாமை என்றால் ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் பெரியவர். புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குபவர், கைவண்டி இழுப்பவர். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே போய், 2013 இல் முதுகு விட்டுப்போகும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வரும்போது அவருடைய சட்டையில் வெங்காய வாசம் இருக்கும்.

முதலில் கோட்டைக்குப் போனோம். சத்தம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கிற இடத்தில் அந்த மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. வகுப்பில் சொல்வதுபோலவே வாப்பாவுக்கும் சொன்னேன். 1857 இல் கட்டி முடித்தது. படம் வரைந்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி எமிலி. பத்து வருடம் கழித்து, 1867 இல், அதன் தலையிலேயே வெளிச்சவீட்டையும் வைத்தார்கள். மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒன்றாக இருப்பது உலகத்திலேயே அபூர்வம். பிறகு சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள் எழும்பி, கடலிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியாமல் போனது. 1952 இல் நிறுத்திவிட்டார்கள்.

வாப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கப்பல்காரனுக்குத் தெரியாட்டி வெளிச்சம் என்னத்துக்கு" என்றார். பிறகு, "புறக்கோட்டைக்குப் போவமா மகன்?" என்றார்.

பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் முன்னால், நான் பின்னால்.

ரெயிலடிக்கு முன்னால் நிற்கிற ஒல்கொட் சிலையைக் காட்டி, "இது எங்கட தாடிக்காரன்" என்றார். ஊரிலிருந்து புதிதாக வரும் பொடியன்மாருக்கு, "ரெயிலால இறங்கித் தாடிக்காரனுக்குக் கீழ நில்லு" என்றுதான் சொல்லி அனுப்புவார்களாம். அவர் அமெரிக்காக்காரர், படையில் கேணலாக இருந்தவர், 1880 இல் இங்கே வந்து பௌத்த பாடசாலைகளுக்காக உழைத்தவர் என்றேன். "பள்ளிக்கூடம் கட்டினவனா? அப்ப நல்ல மனிசன்தான்" என்று இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய வீடு. ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ இருந்த இடம். பிற்காலத்தில் புறக்கோட்டைத் தபாற்கந்தோரும் இதற்குள்தான் இயங்கியது. 1982 இல்தான் நூதனசாலையாகத் திறந்தார்கள். முன்னால் நிற்கும் பெரிய தூண்களைத் தடவிக்கொண்டே வாப்பா சொன்னார்: "வெயில் நேரத்தில இந்தத் தூணடியிலதான் வண்டிய வச்சிட்டு இருப்பம். நல்ல நிழல்."

"உள்ளுக்குப் போயிருக்கிறீங்களா?"

"வண்டிய யாரு பாக்கிற?"

லுஹருக்கு இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போனோம். சிவப்பும் வெள்ளையும் கோடு கோடாய், மாதுளம்பழக் குவிமாடங்களோடு நிற்கும் ஜாமிஉல் அல்பார். இன்று வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிற இடம். பழையவர்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளி. 1908 இல் தொடங்கி 1909 இல் முடித்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் கையிலிருந்த சில கட்டடங்களின் படங்களைக் கொடுக்க, அவற்றை வைத்துக்கொண்டு இதை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பே சாஹிபு லெப்பே. கட்டடக்கலையைக் கல்லூரியில் படித்தவர் அல்ல. தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இதைச் சொன்னேன். வாப்பா, "அளவு தெரிஞ்ச கைக்கி சேட்டிபிகட் என்னத்துக்கு மகன்" என்றார். சேட்டிபிகட் வைத்திருக்கும் நான் பேசாமல் நடந்தேன்.

பிரதான வீதியின் வாயில், கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். பஸ், ஓட்டோ, பழ வண்டில், கூவி விற்பவர்கள். இவ்வளவுக்கும் நடுவில் அது தன்பாட்டில் நிற்கிறது. வாப்பா நின்றுவிட்டார்.

"கான் எண்டுறவர் நம்மட ஆள்தானே?"

"இல்ல வாப்பா. பார்சிக்காரர். பம்பாய்ப் பக்கத்துக் குடும்பம். பிராம்ஜி பிகாஜி கான்."

"இருபத்தேழு வருசமா நான் முஸ்லிம் எண்டுதான் நினைச்சிக்கிட்டிருந்த" என்று சிரித்தார். "யாரு கட்டின? அரசாங்கமா?"

கல்வெட்டில் இருப்பதைத் தமிழில் சொன்னேன். தகப்பன் மௌத்தாகி நாற்பத்தைந்தாவது வருடம், 1923 ஜனவரி 4 ஆம் திகதி, அவருடைய ஞாபகமாக ஆண்மக்கள் இரண்டு பேர் கட்டிக் கொழும்பு மக்களுக்குக் கொடுத்தது. தண்ணீர் குடிக்க ஊற்றும் சேர்த்துத்தான் கட்டினார்கள்.

வாப்பா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பாட பேரப் போட்டுக் கட்டின புள்ளைகள்" என்றார். வேறொன்றும் இல்லை. குத்திக்காட்டும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஆனால் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இதுவரை வீட்டில் எவருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது 'தந்தையின் தொழில்' என்ற கோட்டில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். கூட்டாளிமார் கேட்டாலும் கொழும்பில் கடை என்றேன். இரண்டாம் வருடம் எங்கள் பிரிவு கொழும்புக்குச் சுற்றுலா வந்தது. எங்கள் பஸ் இதே மணிக்கூட்டடியில் நெரிசலில் நின்றது. ஜன்னலோரம் நான். வெளியே சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயோடு, வண்டி இழுத்துக்கொண்டு வாப்பா போகிறார். பக்கத்தில் இருந்தவன் ஏதோ கேட்டான். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கட்டினேன். பஸ் நகரும் வரைக்கும் நிமிரவில்லை.

பதினைந்து வருடமாக, வாப்பா காணவில்லை என்று நம்பித்தான் வாழ்ந்தேன்.

அன்று அந்த இடத்தில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்:

"ஒங்கட கொலேஜ் பஸ்ஸும் ஒருநாள் இந்த இடத்திலதான் நிண்ட."

கோப்பை என் கையில் ஆடியது. "கண்டிருந்தா ஏன் வாப்பா என்னக் கூப்பிடல்ல?"

"பாரம் ஏத்தியிருந்த, மகன். நடுரோட்டில வண்டிய நிப்பாட்ட ஏலாதே."

அது உண்மையும்தான். ஏற்றிய வண்டியை இடையில் நிறுத்தினால் திரும்ப நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். ஆனால் அதற்குள் வேறொரு பாரமும் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை என் தலையில் இறக்கி வைக்காமல் அவரே இவ்வளவு காலமும் இழுத்திருக்கிறார்.

அஸர் தொழுதுவிட்டுக் காலிமுகத்திடலுக்குப் போனோம். அந்த நடைபாதையை 1859 இல் முடித்தவர் எமிலியின் கணவர், அதே ஹென்றி வார்டுதான். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின்னால் வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். வாப்பா, "நாட்டாமைமாருக்கு இல்லயா?" என்று கேட்டுவிட்டு, இறால் வடையைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்திருந்தார். நான் மெதுவாக, "மன்னிச்சிக்கொள்ளுங்க வாப்பா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தன் தாளிலிருந்த கடைசி வடையை என் பக்கம் நீட்டினார்.

தாமரைக் கோபுரத்துக்குப் போக நேரமில்லை. "அத பஸ்ஸுக்குள்ள இருந்தே காணலாம்" என்றார். கண்டோம். புதிய கண்ணால், நிறம் மாறுவதைக்கூட எண்ணிச் சொன்னார்.

ஊர் வந்ததும் அதிபருக்குக் கொடுக்கும் சுற்றுலாத் திட்டத்தைத் திருத்தி எழுதினேன். முதலாவது இடம் கான் மணிக்கூட்டுக் கோபுரம். பிள்ளைகளில் எத்தனையோ பேரின் வாப்பாமார் இன்றும் அந்தத் தெருக்களில்தான் உழைக்கிறார்கள். எவராவது வண்டியோடு எதிரே வந்தால், முதலில் நான் போய் ஸலாம் சொல்வேன். பிள்ளைகள் பார்க்கட்டும்.

படிவத்தின் கடைசியில் 'வழிகாட்டியின் பெயரும் தொழிலும்' என்று ஒரு கோடு இருந்தது. வாப்பாவின் பெயரை எழுதினேன். பக்கத்தில், தெளிவான எழுத்தில், 'நாட்டாமை, புறக்கோட்டை, இருபத்தேழு வருட அனுபவம்' என்று எழுதினேன்.

வாப்பாவின் கண்ணுக்காக துஆச் செய்யுங்கள்.