கிடங்கில் கிடந்த வால்வுகள்

கோவை கணபதியில் ஃபவுண்டரி நடத்திவந்த அந்தப் பெரியவர் வழக்கறிஞரான என்னிடம் ஒரு சூட்கேஸ் நிறையக் கடிதங்களோடு வந்தார். கூடவே ஒரு வெண்கல வால்வு. அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "நாங்க தாமதம் பண்ணலீங்க சார். டிராயிங்கே வரலீங்க. அது இல்லாம எதை வார்க்கறதுங்க?" என்றார்.

போர்க்கப்பல் ஒன்றின் கடல்நீர்க் குழாய்களுக்கு அவர் நிக்கல் அலுமினிய வெண்கல வால்வுகள் செய்து கொடுத்திருந்தார். ஆர்டர் மதிப்பு 1 கோடியே 84 லட்சம். 26 வாரம் தாமதம் என்று கணக்கிட்டு, வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம் என்ற விதிப்படி 18 லட்சத்து 40 ஆயிரத்தைக் கப்பல் கட்டும் தளம் பிடித்துக்கொண்டது. அந்த ஆர்டரில் அவருக்கு லாபமே அவ்வளவு இல்லை.

கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்க இரண்டு இரவுகள் ஆயின. டிராயிங் மூன்று முறை திருத்தப்பட்டிருந்தது. அதில் போனது 19 வாரம். சோதனை அதிகாரிக்காகக் காத்திருந்தது 4 வாரம். ஒரு வார்ப்பு எக்ஸ்ரே சோதனையில் தேறாததால் போன 3 வாரம் மட்டுமே எங்கள் தவறு. அதை மறைக்கக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன்.

டிராயிங் ஏன் மாறிக்கொண்டே இருந்தது? போர்க்கப்பலில் எந்த ரேடார், எந்த ஆயுதம் என்பது முழுதாக முடிவாகும் முன்பே தகடு வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் கப்பலில் எல்லாவற்றையும் முதலிலேயே உறுதிசெய்துவிட்டால், கடலுக்குப் போகும்போது கருவிகள் பழசாகியிருக்கும். கடற்படையின் இந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவி மாறினால் மின்சாரத் தேவை மாறும், குளிர்விக்கும் நீரின் அளவு மாறும், பம்ப் மாறும், குழாய் மாறும். கடைசியில் கணபதியில் வார்ப்புக்குச் செய்துவைத்த ஒரு பேட்டர்ன் வீணாகும்.

பெரிய அளவிலும் இதுதான் நடக்கிறது. கொச்சியில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த்துக்கு முதலில் அனுமதித்த தொகை 3,261 கோடி ரூபாய். 2014இல் அது 19,341 கோடியானது. ரஷ்யாவிலிருந்து எதிர்பார்த்த எஃகு வராமல், ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து அதை இங்கேயே உருவாக்க வேண்டியிருந்தது. ரஷ்யாவில் புதுப்பிக்கப்பட்ட விக்ரமாதித்யாவுக்கு 2004இல் பேசிய விலை 97.4 கோடி டாலர். முடிவில் 235 கோடி டாலர். 2008இல் வர வேண்டிய கப்பல் 2013இல்தான் கடற்படையில் சேர்ந்தது. அங்கெல்லாம் திருத்திய மதிப்பீடு என்று ஒரு கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகிவிடும். வால்வு வார்ப்பவருக்குத் திருத்திய மதிப்பீடு கிடையாது. ஆர்டரில் எழுதிய விலைதான் அவருக்கு, அதிலும் பிடித்தம்.

எங்களுக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஒவ்வொரு முறை கெடுவை நீட்டித்தபோதும், அபராதம் விதிக்கும் உரிமை தளத்துக்கு உண்டு என்ற வாசகத்தின் கீழ் பெரியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். "போடலேன்னா சரக்கை வாங்க மாட்டாங்கன்னு பயமுங்க" என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கையெழுத்துகளையே வரிவரியாகப் படித்தார். நாட்டின் பாதுகாப்பு தாமதத்தைப் பொறுக்காது என்றார்.

கோவையில் உள்ள சிறு, குறு நிறுவன வசதி மன்றத்தில் சமரசம் தோற்று, நடுவர் விசாரணை தொடங்கியது. ஒப்பந்தச் சட்டத்தின் 67ஆம் பிரிவை முன்வைத்தேன்: வேலையை முடிக்கத் தேவையானதைத் தராதவர், வேலை முடியவில்லை என்று குறைசொல்ல முடியாது. அந்த 3 வாரத்துக்கு 74ஆம் பிரிவு. இழப்பே ஏற்படாத இடத்தில் அபராதத் தொகை இல்லை என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இழப்பு இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? தளத்தின் கிடங்குப் பதிவேட்டைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட்டேன். வந்தது. கிடங்கு அதிகாரியைக் கூண்டில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த வால்வுகள் கிடங்கைவிட்டு எப்போது கப்பலுக்குப் போயின?" அவர் நேர்மையானவர். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: "வந்து சேர்ந்து 14 மாதம் கழித்து." பொருத்தவேண்டிய இடத்தில் குழாயே அதுவரை வந்திருக்கவில்லை.

18 லட்சத்து 40 ஆயிரமும் திரும்பத் தர வேண்டும், வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டியோடு என்று தீர்ப்பு வந்தது. தளம் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மேலே போனது, அங்கும் தோற்றது.

பணம் கைக்கு வந்த வாரம் பெரியவர் இனிப்போடு வந்தார். அடுத்த கப்பலுக்கு விலை கேட்டுக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். "போடலீங்க சார். பையன் விவசாயப் பம்புக்கு வார்க்கறான், அது போதுமுங்க" என்றார். அந்தத் தரத்தில் வெண்கலம் வார்க்க அவர் பட்டறையில் பழகிய நான்கு பேரும் அந்த ஆண்டே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.