ஏற்றத்துக்கு அவசரம் ஆகாது

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை காட்டுவது வெளியே சுற்றும் மிச்சத்தை மட்டும்தான். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி, 2.5-க்குக் கீழே போனால் ஆபத்து. 4-ல் இருந்தது 3-க்கு இறங்கினால், மொத்த இருப்பில் 200 முதல் 400 மில்லிமோல் வரை போயிருக்கலாம். தேறுவதற்கு நாளாவது இதனால்தான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் வீக்கத்துக்குச் சாப்பிடும் சிறுநீர் மாத்திரை ஆகியவையே இந்தக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம். படியேறத் தொடையில் தெம்பிருக்காது, கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், மலம் இறுகும், நெஞ்சு படபடக்கும்.

லேசான குறைவுக்குப் பொட்டாசியம் குளோரைடு சிரப் போதும். 15 மில்லியில் 20 மில்லிமோல் இருக்கும். உப்பும் கசப்புமான அதன் சுவைக்கு யாரும் முகம் சுளிக்காமல் இருந்ததில்லை. சாப்பிட்ட பிறகு, தண்ணீர் நிறையக் கலந்து குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும். அளவு மிகவும் இறங்கிவிட்டால் பொட்டாசியத்தைச் சலைனில் கலந்து டிரிப்ஸ் ஏற்றுவார்கள். குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டி, இரத்தத்தில் மிஞ்சியிருப்பதையும் செல்லுக்குள் தள்ளிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஊசி போட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே கை எரியும். வழக்கமான வேகம் மணிக்கு 10 மில்லிமோல். கொஞ்சம் வேகமாக விடுங்களேன் என்று கேட்கும் உறவினரைச் சமாளிப்பது நர்ஸுக்குத் தனி வேலை. நேராக ஊசியில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லையென்றால் மெக்னீசியத்தைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும்.

வாழைப்பழத்துக்குத்தான் பேர் அதிகம். ஒரு பழத்தில் 10 மில்லிமோல் அளவே கிடைக்கும். ஒரு இளநீரில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் வாந்தியில் குளோரைடும் சேர்ந்து போகிறது. பழத்தில் அது சொற்பம் என்பதால், இழப்பு பெரிதானால் சிரப்பின் வேலையைப் பழம் செய்யாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதே இளநீர் பொட்டாசியத்தை அளவு மீறி ஏற்றிவிடும்.

எண் சரியான பின்னும் சிலருக்குச் சோர்வு சில நாள் நீடிக்கும். எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அளவு பொய்யாகக் கூடித் தெரியும். திடீரென்று ஏறிய எண்ணை நம்பாமல், மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மருத்துவர் சிரப்பை நிறுத்துவார்.