சுளுக்கென்று எண்ணிய கை

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுது. கிள்ளான் பேருந்து நிலையத்துக்கு அருகே நம் கால் வழுக்கியது. விழுபவர் எவராயினும் கையைத்தான் முன்னே ஊன்றுவர். நாமும் வலக்கையை ஊன்றினோம். உள்ளங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் சிறு வலி. யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதனை உறுதி செய்துகொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பிரிக்பீல்ட்சில் உறவினர் வீட்டு விருந்து. அங்கிருந்த பெரியப்பா ஒருவர், "சுளுக்குத்தான் தம்பி, உருவிவிட்டால் ஓடிப்போகும்" என்று தைலத்தைத் தேய்த்து உருவினார். உயிர் போய்த் திரும்பியது. பிறகே மருத்துவரிடம் சென்றோம். பெருவிரலை விறைப்பாக நீட்டச் சொல்லி, அதன் அடியில் மணிக்கட்டோரம் விழும் சிறு குழியை அவர் அழுத்தினார். துடித்துப் போனோம். எக்ஸ்ரேயில் முறிவு ஏதும் தென்படவில்லை. ஆயினும் அவர் பட்டை ஒன்றைக் கட்டி, "பத்து நாளில் கட்டாயம் மீண்டும் வாருங்கள்" என்றார். நாம் போகவில்லை. தேர்வுத் தாள்கள் குவிந்திருந்தன, வலியும் குறைந்திருந்தது. பட்டையையும் நாமே கழற்றிவிட்டோம்.

நான்கு மாதங்கள் கழித்துக் கரும்பலகையில் எழுதக் கை உயர்த்திய போதெல்லாம் வலி குத்தியது. மறுபடியும் எடுத்த எக்ஸ்ரே, எலும்பு இரண்டாகப் பிளந்து கிடப்பதனைக் காட்டியது.

நம் ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் எட்டு, கூழாங்கற்களைப் போல மணிக்கட்டில் இரு வரிசைகளாக அடுக்கப்பட்டவை. பெருவிரல் பக்கம் இருப்பது படகெலும்பு. முற்காலத்தில் பொடி போடுவோர் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சிய அந்தக் குழிக்கு அடியில்தான் அது இருக்கிறது. மருத்துவர்களும் அதனைப் பொடிக்குழி என்றே அழைக்கின்றனர்! இவ்வெலும்புக்குப் பெரும்பகுதி இரத்தம் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் பின்துண்டு பட்டினி கிடக்கும். சில வேளைகளில் செத்தும் போகும். முறிவின் கோடோ முதல் நாளில் எக்ஸ்ரேயில் தெரியாமற் போகலாம். பத்து நாள் கணக்கின் காரணம் அதுவே. அன்றே மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்திருந்தால் பெரும்பாலும் கூடியிருக்க வேண்டிய எலும்பு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் திருகாணி முடுக்கிய பின்னரே கூடியது. இன்றும் நம் கை முழுதாகப் பின்வளையாது.

நம் அன்னையாரின் கதை வேறு. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். நள்ளிரவில் எழுந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப் போகும். சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடும். வாயு என்று பூண்டு வறுத்துக் கொடுத்தோம். மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியில் நடுநரம்பு நசுங்குவதன் அடையாளம் அது என்று அறிந்தபோது, பெருவிரல் அடிச்சதை வற்றி, ஊசியில் நூல் கோக்கவும் அவரால் இயலாமற் போயிற்று. தொடக்கத்திலேயே இரவில் மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டியிருக்கலாம். அதற்கும் அடங்காவிடில் சிறு அறுவையினால் நரம்பின் மேலுள்ள இறுக்கத்தை நீக்கியிருக்கலாம்.

இப்போது பால்மரம் இருந்த நிரைகளில் செம்பனை நிற்கிறது. பெற்றோர்களே, செம்பனை முள் மூட்டருகே தைத்து ஒடிந்தால், பிடுங்கிய இடம் ஆறிவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். உள்ளே தங்கிய துண்டு பல வாரங்களுக்குப் பிறகும் மூட்டை வீங்கச் செய்யும். அரிவாள் பட்ட காயம் சிறிதாயினும் ஒவ்வொரு விரலையும் தனித்தனியே மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு விரல் கேளாவிடில் தசைநாண் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதனைத் தைத்தாக வேண்டும். வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

விரலே துண்டாகிவிட்டால்? காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப்பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலின்மேல் நேராகப் படலாகாது. உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைக்கும் கலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் செலாயாங் மருத்துவமனையில் மருத்துவர் வி. பத்மநாதன் தலைமையிலான குழுவினர், பிழைக்க வழியின்றி இறந்த ஒரு சிசுவின் கையை, குறையுள்ள கையோடு பிறந்த அதன் இரட்டைச் சகோதரிக்குப் பொருத்தினர். கேட்டபோது நமக்கு உடல் சிலிர்த்தது.

வேலையிடத்தில் நேர்ந்த காயமாயின் அன்றே கிராணியிடம் பதிந்துவிடுங்கள். 1971 முதல் சொக்சோ இருப்பது இதற்காகத்தான். பதியாத காயத்தைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம்.

அண்மையில் நம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓட்டப் பயிற்சியில் கையூன்றி விழுந்தாள். வீக்கம் மிகச் சிறிது. அவள் தந்தை குலை வெட்டுபவர். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். "ஐயா, சுளுக்குக்குப் போய் எக்ஸ்ரேயா?" என்று முகம் சுளித்தார். நாம் மறுமொழி கூறாமல் நம் வலக்கையை மேசைமேல் வைத்து, எவ்வளவு வளைகிறது என்று காட்டினோம். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு நசுங்கி முறிந்திருந்தது. மூன்று வாரக் கட்டுக்குப் பின் சென்ற திங்கட்கிழமை அவள் தன் கையாலேயே எழுதிய கட்டுரையைக் கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன.