சரளைக்கு அடியில் துணி தேவையா? எசெக்ஸ் தோட்டம் சொல்லும் பாடம்

இங்கிலாந்தின் கிழக்கே, எசெக்ஸ் பகுதியில் கோல்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊர். மழைக்குப் பேர்போன அந்த நாட்டிலேயே வறண்ட பகுதி இது. வருடத்துக்குச் சராசரியாக 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்கூட இதைவிட அதிகமாகப் பெய்யும்.

இங்கே, கணவரின் பழப்பண்ணையை ஒட்டி, சாகுபடிக்கு ஆகாது என்று விட்டிருந்த நிலத்தில் 1960-ல் தோட்டம் போட ஆரம்பித்தார் பெத் சாட்டோ. 1990-களின் தொடக்கத்தில், கார்கள் நிறுத்திய இடத்தையும் சரளைத் தோட்டமாக மாற்றினார். வண்டி ஏறி இறுகிய மண்ணை ஆழமாகக் கிழித்து, மட்கு கலந்து, வறட்சி தாங்கும் செடிகளை நட்டு, மேலே சரளையைப் பரப்பினார். பாசனம் கிடையாது. 2018-ல் அவர் மறைந்த பிறகும் தோட்டம் அப்படியேதான் நடக்கிறது.

சரளை நேரடியாக மண்மேல் கிடக்கிறது. இடையில் துணி இல்லை. வெயிலில் ஈரம் போகாமல் கல்லே மூடாக்காக நிற்கிறது. உதிர்ந்த விதைகள் கல்லிடுக்கில் முளைக்கின்றன. வேண்டியதை விட்டு, வேண்டாததைப் பிடுங்குகிறார்கள். துணி விரித்திருந்தால், நல்ல செடியின் வேரும் மண்ணுக்குள் இறங்கத் திணறும்.

அப்படியானால் களைத்தடுப்புத் துணியே வேண்டாமா? வாசலில் டிராக்டர், பைக் போகும் பாதைக்கு வேண்டும். முக்கியமாகக் கரிசல் மண்ணில், துணி இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் கல் சேற்றில் புதையும். அங்கே மண்ணையும் கல்லையும் பிரித்து வைப்பதுதான் துணியின் முதல் வேலை. தண்ணீர் இறங்கும் துணியாக இருக்க வேண்டும்; பாலித்தீன் தாளைப் போட்டால் தண்ணீர் தேங்கும்.

களைக்காக மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். இரண்டு, மூன்று வருடத்தில் புழுதியும் சருகும் கல்லிடுக்கில் மட்கி, துணிக்கு மேலேயே களை முளைக்கும். அதன் வேர் துணியில் பின்னிக்கொண்டால் பிடுங்குவது கஷ்டம். கோரையோ அடியிலிருந்தே துளைத்து வரும். அதனால், கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்த பிறகே துணியோ, கல்லோ போட வேண்டும்.

செடி வைக்கும் இடத்தில் துணிக்குச் செலவழிக்கும் பணத்தை மட்கு உரத்துக்குச் செலவழித்து, மேலே இரண்டு அங்குலம் சரளை போட்டாலே போதும். முளைக்கிற களையைச் சிறிதாக இருக்கும்போதே, மழை விட்ட ஈரத்தில் கையால் பிடுங்கிவிடலாம்.